வாளுக்கு அணி செய்த கைகளும் நாணயமும்

பழைய ஜப்பானிய வாள் ஒன்றைப் பிரிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கைப்பிடியின் குறுக்கே செருகப்பட்ட சிறு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் போதும். கைப்பிடி, கைக்காப்புத் தட்டு, வளையங்கள் அனைத்தும் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். எஞ்சுவது வெற்று எஃகு அலகு. போருக்கு உரியது அந்த அலகு. கழன்று வந்தவையோ பொற்கொல்லனின் உலகைச் சேர்ந்தவை. இக்கட்டுரையில் நாம் காண விழைவது அவ்வணிகளையே. ஏனெனில் அவற்றின் வரலாறு எதிர்பாராத ஓரிடத்தில், நாணயச் சாலையின் வாயிலில், வந்து நிற்கிறது.

கைப்பிடியை அலகினின்று பிரிக்கும் வட்டத் தட்டு 'ட்சுபா' எனப்படும். பிடியில் சுற்றிய நாடாவுக்கு அடியில் தெரியும் சிறு உருவங்கள் 'மெனுக்கி'. பிடியின் மரத்தைத் திருக்கை மீனின் சொரசொரப்பான தோல் போர்த்தியிருக்கும். அத்தோல் சயாம் போன்ற தொலைநாடுகளிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. உலோகங்களிலோ வியப்பு இன்னும் மிகுதி. செம்பில் நூற்றுக்குச் சில பங்கு பொன் கலந்து, பின் பக்குவப்படுத்திக் கருநீல நிறம் ஏற்றுவர், இதுவே 'ஷாகுடோ'. பொன்னைச் சேர்த்து அதைக் கருமையாக்கும் இத்துணிவு நம் நகைக்கடை வீதிகளில் எவர்க்கும் எளிதில் விளங்காது! அக்கரும்பரப்பில் மீன் முட்டைகளை நெருக்கமாகப் பரப்பினாற்போல் நுண்புள்ளிகளை ஒவ்வொன்றாக உளியால் அடித்து எழுப்புவர். ஒரு புள்ளி வரிசை பிறழ்ந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இக்கலையில் தலைசிறந்து விளங்கியது கியோட்டோவின் கோட்டோ குடும்பம். பதினைந்தாம் நூற்றாண்டில் யூஜோ என்பவர் தொடங்கிய இவ்வழியில் ஐந்தாம் தலைமுறையினரான தொகுஜோ, ஆட்சியாளர் ஹிதேயோஷிக்காக 1588-இல் பெரும் பொற்காசுகளை உருவாக்கினார். 'ஓபான்' எனப்பட்ட அக்காசு ஏறத்தாழ 165 கிராம் எடையுள்ள நீள்வட்டத் தகடு. அதன் மதிப்பும் கோட்டோ பெயரும் மையால் எழுதப்பட்டிருந்தன. எழுத்து அழிந்துபோனால் கட்டணம் செலுத்தி மீண்டும் எழுதி வாங்க வேண்டும். பொன் அதே பொன்தான். கையெழுத்தே அதற்கு நம்பகம் தந்தது. தொகுஜோவின் மாணவரான கோட்டோ ஷோசபுரோ, எதோ நகரில் தொகுகாவா ஆட்சியின் பொன் நாணயச் சாலைக்குத் தலைவரானார்.

வாளின் அலகை மதிப்பிடும் பொறுப்பு ஹொனாமி என்னும் வேறொரு குடும்பத்திடம் இருந்தது. வாளைத் தீட்டுவதும் ஆராய்வதும் அவர்தம் குலத்தொழில். இன்னார் செய்த வாள், இத்தனை பொற்காசு பெறும் என எழுதி, தாளை மடித்துக் கொடுப்பர். மடித்த தாள் என்னும் பொருளுடைய 'ஒரிகாமி' என்ற சொல்லே சான்றிதழுக்கும் பெயராயிற்று. பதின்மூன்றாம் தலைமுறை கோச்சூவின் மதிப்பீட்டை இன்றும் போற்றுவர். பிற்காலத்து மடிதாள்கள் சிலவற்றைத் தாராளமாக எழுதப்பட்டவை என ஐயுறுவர். மதிப்பீட்டாளரின் பெயரையும் மதிப்பிட வேண்டியதாயிற்று என்பது நகைக்கடன் வாங்கி அறிந்தோர்க்குப் புதிதன்று.

1876 மார்ச்சில் இடி விழுந்தது. படையினர், காவலர், அரசு விழாவுடை அணிவோர் நீங்கலாக எவரும் பொதுவிடத்தில் வாள் தரித்தல் கூடாதென மெய்ஜி அரசு ஆணையிட்டது. தலைமுறை தலைமுறையாக உளி பிடித்தோர்க்குத் தொழில் ஒரே நாளில் பொருளற்றுப் போயிற்று. பலர் பூச்சாடிகளும் பெட்டிகளும் செய்து மேலைநாடுகளுக்கு விற்றுப் பிழைத்தனர். பழைய ட்சுபாக்கள் வாளினின்று கழற்றப்பட்டுத் தனித்தனியே கடல் கடந்தன.

கானோ நட்சுவோ மட்டும் முன்னரே வேறொரு வாயிலைக் கண்டிருந்தார். கியோட்டோவில் பிறந்து, ட்சுபா செதுக்குவதில் பெயர் பெற்று, 1869-இல் பேரரசரின் வாளுக்கே அணி செய்தவர் அவர். அந்நாளில் ஒசாகாவில் புதிய நாணயச் சாலை எழும்பிக்கொண்டிருந்தது. மூடப்பட்ட ஹாங்காங் நாணயச் சாலையின் எந்திரங்கள் விலைக்கு வாங்கப்பட்டிருந்தன. அச்சுகளையும் பிரிட்டனிலேயே செய்விக்க எண்ணியிருந்தனர். நட்சுவோவின் மாதிரிகளைக் கண்டபின் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. முதல் வெள்ளி யென் நாணயத்தில் சுருண்டு நிமிரும் டிராகன் அவருடைய உளியில் பிறந்தது. வாளின் தட்டில் பழகிய கை, ஏறத்தாழ அரையங்குலம் குறைய இரண்டங்குல அகலத்துள் அத்துணை செதில்களையும் அடக்கியது.

இன்று இத்தகைய வாளொன்று கைக்கு வந்தால் நாம் செய்யும் முதல் தவறு எதுவாக இருக்கும்? புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிப் பழகிய கை அதையும் துலக்கிவிடும். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியின் துருவே வாளின் வயதுக்குச் சான்று. அங்கேதான் கொல்லனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அத்துருவைத் தேய்த்தால் மதிப்பும் உடன் தேய்ந்துவிடும். பெயர் இருப்பதும் போதாது. புகழ்மிக்க கொல்லர்களின் பெயரைப் பிறர் பொறித்த போலிகள் பழங்காலம் முதலே உண்டு. ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சான்று வேண்டும். 1948-இல் தோன்றிய வாள் பாதுகாப்புச் சங்கம், அலகுக்கும் அணிகளுக்கும் தனித்தனியே சான்றளிக்கிறது.

அலகும் அதற்கெனவே செய்த அணிகளும் பிரியாமல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சேர்த்து வைப்பதில்லை. அலகு எளிய மங்கோலிய மரத்து உறையில் அல்ல, மென்மையான மக்னோலியா மரத்து வெற்றுறையில் ஓய்வெடுக்கும். அழகிய உறையும் பிடியும் ட்சுபாவும் தம் உருக்குலையாதிருக்க, உள்ளே மரத்தால் செய்த போலி அலகொன்றைச் செருகி, பக்கத்தில் வைத்துவிடுவர்.