பகிர்வு மின்கார்: சீன நகரங்களில் பயனரின் உரிமைகளும் ஆபத்துகளும் தீர்வுகளும்

கார் பகிர்வு என்பது, காரைச் சொந்தமாக வாங்காமலும் நாள்வாடகைக்குப் பேசாமலும், கைப்பேசிச் செயலி வழியாகத் தேவையான நேரத்துக்கு மட்டும் எடுத்து ஓட்டி, நிமிடக் கணக்கிலோ கிலோமீட்டர் கணக்கிலோ கட்டணம் செலுத்தி, குறித்த நிறுத்துமிடத்தில் விட்டுச் செல்லும் ஏற்பாடாகும். புதிய கார்ப் பதிவுக்குப் பெய்ஜிங் 2011 முதல் குலுக்கல் முறையைக் கடைப்பிடிப்பதாலும், ஷாங்காயில் பதிவெண் ஏலத்தில் விடப்படுவதாலும், கார் வாங்க வசதியிருந்தும் பதிவெண் கிடைக்காதவர்கள் அந்நகரங்களில் பெருகினர். மின்வாகனங்களுக்கு அரசு அளித்த சலுகைகளும் அதனுடன் சேர்ந்ததால், பகிர்வுச் சேவைகள் பெரும்பாலும் சிறிய மின்கார்களைக் கொண்டே விரிவடைந்தன. ஷாங்காயின் ஜியாதிங் பகுதியில் 2013இல் முளைவிட்ட இவிகார்ட், 2016இல் ஷாங்காய் அரசின் கார் நிறுவனமான சாய்க்கின் பகிர்வுச் சேவையுடன் இணைந்து நாட்டின் மிகப் பெரிய சேவைகளுள் ஒன்றாயிற்று. ஹாங்சோவில் காண்டி, ஜீலி நிறுவனங்களின் கூட்டு முயற்சி, அடுக்குமாடி நிறுத்துக் கோபுரங்களிலிருந்து சிறு மின்கார்களை வாடகைக்கு விட்டது.

இந்தச் சேவையில் சாவியைக் கையில் கொடுக்கும் ஊழியர் இல்லை. அடையாளச் சரிபார்ப்பு, ஒப்பந்தம், பணம், வண்டியின் கதவு ஆகிய அனைத்தும் ஒரே செயலிக்குள் அடங்கியிருப்பதால், வசதி எந்த அளவுக்கு மிகுதியோ அந்த அளவுக்குப் பயனரின் பணம், பொறுப்பு, தனித்தகவல் ஆகியவையும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. சீன நகரங்களில் எழுந்த தகராறுகள் பெரும்பாலும் இம்மூன்றையும் சுற்றியே அமைந்தன.

காப்புத்தொகை யாருடைய பணம்?

காப்புத்தொகை, அதாவது டெபாசிட், என்பது சேதமோ அபராதமோ நேர்ந்தால் ஈடுசெய்வதற்காக நிறுவனம் பிடித்துவைத்து, சேவையை விட்டு விலகும்போது திருப்பித் தரவேண்டிய பணமாகும். கார்களின் விலை, நிறுத்துமிட வாடகை, மின்னேற்றச் செலவு, ஓரிடத்தில் குவிந்த வண்டிகளை வேறிடத்துக்கு நகர்த்தும் கூலி ஆகியவை வாடகை வருமானத்தை விஞ்சியபோது, சில நிறுவனங்களில் இப்பணத்தைத் திருப்பித் தருவதே நின்றுபோனது. யூயூ என்ற நிறுவனம் 2017 மார்ச்சிலும், பெய்ஜிங்கின் ஈஸி என்ற நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரிலும் சேவையை நிறுத்தின. 1,500 யுவான் காப்புத்தொகை பெற்றுவந்த டோகோ நிறுவனத்தின் பெய்ஜிங் அலுவலகத்தில், 2018 இறுதியில் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பயனர்கள் வரிசையில் நின்றனர். டோகோவின் வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடியவை என்றாலும், பணம் சிக்கிக்கொண்ட விதம் மின்கார்ச் சேவைகளுக்கும் பொதுவானதே.

இந்தப் பட்டறிவுக்குப் பின்னர், போக்குவரத்து அமைச்சகமும் மத்திய வங்கியும் பிற துறைகளும் இணைந்து வெளியிட்ட பயனர் பண மேலாண்மை விதிகள் 2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. காப்புத்தொகை வாங்காமலிருப்பதே பொதுநெறி என்றும், வாங்கினால் அது பயனருக்கே உரியது என்றும், நிறுவனம் அதை வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. பணம் பயனரின் சொந்த வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட வேண்டுமா, நிறுவனத்தின் தனிச் சிறப்புக் கணக்கில் இருக்க வேண்டுமா என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். கார்ப் பகிர்வில் ஒரு காப்புத்தொகை, இயக்கத்திலுள்ள வண்டிகளின் சராசரி விலையில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சராசரி விலை 60,000 யுவான் என்றால் உச்சவரம்பு 1,200 யுவான். பணத்தைத் திருப்பித் தருவதற்கான மிக நீண்ட கால அளவு 15 வேலைநாட்கள். வருங்காலப் பயணங்களுக்காக முன்கூட்டிச் செலுத்தும் தொகை ஒருவர் கணக்கில் 8,000 யுவானுக்கு மேல் இருக்கக் கூடாது.

இவ்விரு வகைப் பணத்தையும் பயனர் பிரித்தறிய வேண்டும். நிறுவனத்தின் பொதுப்பணத்தோடு கலந்துவிட்ட தொகைக்கு, நிறுவனம் திவாலாகும்போது பயனர் சாதாரணமாகக் கடன் கொடுத்தவரைப் போலவே வரிசையில் நிற்க நேரிடும்; திவால் நடவடிக்கைச் செலவும் ஊழியர் ஊதியமும் வரிப்பாக்கியும் அவருக்கு முன்னே நிற்கும். ஆகவே தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுப் பெருந்தொகையை முன்கூட்டிச் செலுத்துவதைத் தவிர்ப்பதும், காப்புத்தொகையைச் சொந்தக் கணக்கில் வைக்கும் வழியைத் தேர்வதும், சேவையை விட்டால் உடனே திரும்பக் கோருவதும் பாதுகாப்பானவை.

வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும்

ஒரே காரை ஒரு நாளில் பலர் ஓட்டுவதால், முந்தையவர் ஏற்படுத்திய கீறலுக்கு அடுத்தவரிடம் பணம் கேட்கப்படுவது இச்சேவையில் வழக்கமாக எழும் தகராறாகும். இதற்கு எதிரான காப்பு, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடப்பதில் தொடங்குகிறது: முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், சக்கர விளிம்புகள், டயர்கள், கண்ணாடி, உள் இருக்கைகள், மின்கலத்தில் எஞ்சிய விழுக்காட்டைக் காட்டும் திரை ஆகியவற்றை நேரம் பதிவாகும்படி படமெடுத்து, பழுது தென்பட்டால் வண்டியை நகர்த்தும் முன்பே செயலி வழியாகத் தெரிவிக்க வேண்டும். குளிரில் மின்கலம் தரும் ஓட்டத் தொலைவு குறையும் என்பதால், பெய்ஜிங் போன்ற நகரங்களில் குளிர்காலத்தில் திரை காட்டும் கிலோமீட்டரை முழுமையாக நம்பி நெடுந்தொலைவு செல்லக் கூடாது.

வண்டியை விடும்போது மின்னேற்றுக் கம்பியைச் சரியாகச் செருகி, கதவைப் பூட்டி, பயணம் முடிந்ததாகச் செயலி காட்டும் திரையைச் சேமித்துக்கொண்ட பிறகே அங்கிருந்து நகர வேண்டும். பயணம் முடிந்ததாகப் பதிவாகாவிட்டால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள சிறு பயணியர் வாகன வாடகை விதிகளின்படி, நிறுவனம் போக்குவரத்துத் துறையிடம் பதிவறிக்கை அளித்திருக்க வேண்டும். வாடகை வாகனமாகப் பதிவாகிய, நல்ல நிலையிலுள்ள வண்டிகளையே இயக்க வேண்டும். கட்டணம், காப்புத்தொகையை வாங்கும் முறையும் திருப்பித் தரும் முறையும், புகார் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். செயலியில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியவுடன் எல்லா உரிமையும் போய்விட்டதாக எண்ணத் தேவையில்லை. ஒரு தரப்பு முன்கூட்டியே எழுதி, பேச்சுக்கு இடமின்றி அனைவருக்கும் நீட்டும் நிபந்தனைகள் சட்டத்தில் நிலைத்த நிபந்தனைகள் எனப்படுகின்றன. தன் பொறுப்பை நியாயமின்றித் தட்டிக்கழித்து மறுதரப்பின் முதன்மை உரிமையைப் பறிக்கும் நிபந்தனை செல்லாது என்று சிவில் சட்டத் தொகுப்பின் 497ஆம் பிரிவு கூறுகிறது.

விபத்து நேர்ந்தால்

வாடகை வண்டியில் விபத்து நேர்ந்து, அதை ஓட்டியவர் மீதே தவறு இருந்தால், இழப்பீட்டுப் பொறுப்பு ஓட்டியவரையே சேரும் என்றும், உரிமையாளரிடம் தவறு இருந்தால் மட்டுமே அவரும் அதற்கேற்பப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அதே தொகுப்பின் 1209ஆம் பிரிவு வரையறுக்கிறது. இழப்பீடு முதலில் கட்டாயக் காப்பீட்டிலிருந்தும், பிறகு வணிகக் காப்பீட்டிலிருந்தும், எஞ்சியது ஓட்டியவர் கையிலிருந்தும் வரவேண்டும். கட்டாயக் காப்பீட்டின் உச்சவரம்பு 2020 செப்டம்பர் முதல் 2 லட்சம் யுவான். அதில் இறப்புக்கும் உடல் ஊனத்துக்கும் 1.8 லட்சம், மருத்துவத்துக்கு 18,000, பொருட்சேதத்துக்கு 2,000 மட்டுமே. விலையுயர்ந்த காரின் முகப்பு விளக்கு ஒன்று உடைந்தாலே அந்த 2,000 போதாது. எனவே நிறுவனம் எடுத்துள்ள மூன்றாம் தரப்புக் காப்பீட்டின், அதாவது வெளியாருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீட்டின், தொகை எவ்வளவு, வண்டிச் சேதத்தில் பயனர் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிட வேண்டும். விபத்து நேர்ந்ததும் 122 என்ற எண்ணில் போக்குவரத்துக் காவல்துறைக்கும், உடனே நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் தெருவிலேயே பேசி முடித்துக்கொண்டால் காப்பீடு மறுக்கப்படக்கூடும்.

கணக்கை இரவல் கொடுப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. உரிமம் இல்லாதவரிடம் வண்டியை ஒப்படைப்பவருக்கு 200 முதல் 2,000 யுவான் வரை அபராதம் விதிக்கவும், அவருடைய ஓட்டுநர் உரிமத்தையே பறிக்கவும் சாலைப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைச் சீனா ஏற்பதில்லை என்பதால், அங்கு படிக்கவோ பணிபுரியவோ செல்லும் இந்தியர்களும் இலங்கையர்களும் சீன உரிமம் பெறாமல் நண்பரின் கணக்கில் கார் எடுப்பது இருவரையும் சிக்கலில் தள்ளும்.

தனித்தகவலின் பாதுகாப்பு

அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், முகப்படம், சென்றுவந்த இடங்கள் ஆகியவை இச்செயலிகளில் சேர்கின்றன. 2021 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம், முக அடையாளத்தையும் நடமாட்டப் பதிவையும் கூருணர்வுத் தகவல் என, அதாவது கசிந்தால் ஒருவரின் மானத்துக்கோ பாதுகாப்புக்கோ எளிதில் ஊறு செய்யக்கூடிய தகவல் என, வகுத்து, அவற்றைத் திரட்டத் தனி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. சேவை முடிந்த பின் தகவலை அழிக்கக் கோரும் உரிமையும் பயனருக்கு உண்டு. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது மட்டும் போதாது. கணக்கையே முறைப்படி மூட வேண்டும், காரின் திரையோடு இணைத்த கைப்பேசித் தொடர்பையும் துண்டிக்க வேண்டும்.

முறையிடும் வழிகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஐந்து வழிகளைத் திறந்து வைத்துள்ளது: நிறுவனத்துடன் நேரடிப் பேச்சு, நுகர்வோர் சங்கத்தின் சமரசம், அரசுத் துறையிடம் புகார், உடன்பாட்டின் பேரில் நடுவர் தீர்ப்பு, நீதிமன்ற வழக்கு. நுகர்வோர் புகார்களுக்கு 12315, போக்குவரத்துச் சேவைப் புகார்களுக்கு 12328, நகராட்சிப் பொதுச்சேவைக்கு 12345 ஆகிய எண்கள் உள்ளன. நிறுவனம் ஏமாற்றியது நிறுவப்பட்டால், செலுத்திய கட்டணத்தின் 3 மடங்கைக் கூடுதல் இழப்பீடாகக் கோரலாம். அது 500 யுவானுக்குக் குறைந்தால் 500 யுவான் கிடைக்கும். வழக்குத் தொடுப்பதற்கான பொதுக் காலவரம்பு 3 ஆண்டுகள் என்றாலும், தள்ளாடும் நிறுவனத்திடம் காலம் தாழ்த்துவது உரிமையைக் காகிதத்தோடு நிறுத்திவிடும். ஒப்பந்த நகல், பணம் செலுத்திய சான்று, படங்கள், வாடிக்கையாளர் சேவையுடன் நடந்த உரையாடல் ஆகியவற்றைப் பயணம் முடிந்த அன்றே சேமித்தவரின் புகாருக்கே வலு இருக்கும்.

நெரிசலும் புகையும் குறைய வேண்டிய நகரங்களுக்குப் பகிர்வு மின்கார் தேவையான ஒன்றே; அதன் மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கையைக் காப்பது நிறுவனத்தின் கடமை, அக்கடமையைக் கண்காணிப்பது அரசின் கடமை. சீனாவில் பண விதிகள் வந்தது பலர் பணத்தைப் பறிகொடுத்த பின்னரே. இத்தகைய சேவையைத் தொடங்க எண்ணும் எந்த நகரமும், பயனரின் பணத்தைத் தனிக் கணக்கில் பிரித்துவைப்பதையும், போதுமான காப்பீட்டையும், திருப்பித் தரும் காலவரம்பையும் முதல் கார் சாலைக்கு வருவதற்கு முன்பே சட்டமாக்க வேண்டும்.