நரையணிலும் மரவழியும்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கேயுள்ள மலைச்சாரலில் நரைமயிர் மலையணில் என்னும் அரிய பிராணி வாழ்கின்றது. இது தரையில் இறங்குவது அரிது. கிளைக்குக் கிளை தாவியே இரை தேடும். மரவுச்சியிற் கூடு கட்டும். ஆதலின் மரங்கள் தலைகூடி நிற்றலே இதற்கு வழியாம். இடைமரங்களை வெட்டின் வழி அறும். அணில் தரையிலிறங்கிப் பகைக்கு இரையாகும். அன்றேல் ஒரு தோப்பிலேயே சிறைப்பட்டுப் பிறவிடத்து இனத்தோடு கலவாமல் அதன் சந்ததி மெலியும். முன்னர் வடநாட்டிற் பலவிடத்தும் உலாவிய சிங்கம் கிர் வனத்தில் ஒடுங்கியதற்கு வேட்டையோடு காடழிவும் காரணமன்றோ?

1988-ல் இச்சாரலில் 485 சதுர கிலோமீட்டர் சரணாலயமாயிற்று. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமுமாயிற்று. எனினும் அணில் எல்லைக்கல்லை அறியாது; அடிவாரத்து மாந்தோப்புகளிலும் புளியமரங்களிலும் உலவுகின்றது. ஆகவே அங்குள்ள ஒரு மரத்தை வீழ்த்துமுன், அஃது ஓர் உயிரின் வழியாகுமோ என்று நாம் ஆராய்வோமாக.