கப்பல் பெட்டியில் ஒரு தையல் கடை

"ஏனுங்க்கா, கட்டுத்தரையில ரயில் பெட்டியைக் கொண்டாந்து இறக்கிப்போட்டீங்க?"

அன்று காலை எங்கள் வீதியில் இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்புக்கும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு வீட்டுப் பெண்பிள்ளைகள் கப்பலில் போன கன்டெய்னரை விலைக்கு வாங்குவது ஊருக்குப் புதுசுதானே! "ரயில் பெட்டி இல்லீங்க, கப்பல் பெட்டி" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அந்தப் பெட்டி வந்து இப்போது இரண்டு கோடை கடந்துவிட்டது. "நாங்களும் ஒண்ணு வாங்கலாமா?" என்று இன்றும் யாராவது வந்து கேட்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், இன்ஜினீயர் அல்ல. ஆனால் பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய உண்டு. சகோதரிகள் யாரும் நாங்கள் பட்ட சிரமத்தைப் படக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் பெட்டி?

என் நாத்தனார் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தையல் நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையம் ரோட்டில் கடை பிடிக்கலாம் என்றால், கேட்ட அட்வான்ஸ் எங்களுக்கு எட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்துக் கட்டுத்தரை சும்மா கிடந்தது. மாடுகளை விற்று வருஷக்கணக்காகிறது. அங்கே ஓர் அறை கட்டிக் கொடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

ஆனால் சொத்து இன்னும் பாகம் பிரியவில்லை. நாளைக்குப் பிரிக்கும்போது அந்த இடம் யார் பங்குக்குப் போகுமோ? தன் வளையலை விற்றுச் செங்கல் வைத்துக் கட்டினால், அது அவளோடு வருமா? நாத்தனாரே ஒரு நாள் ராத்திரி கேட்டாள்: "நங்கை, எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு ரூம் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்?"

லேத் பட்டறையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு உடனே கன்டெய்னர் ஞாபகம் வந்தது. பங்கு பிரிந்தாலும், இடம் மாறினாலும், கிரேன் வைத்துத் தூக்கிப் போய்விடலாம். பெட்டி அவள் பேரில், பில் அவள் பேரில். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் துணிந்தோம்.

பெட்டியின் கதை

அமெரிக்காவில் லாரி கம்பெனி நடத்தி வந்த மால்கம் மக்லீன் என்பவர், 1956 ஏப்ரல் 26 அன்று நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரு கப்பலில் 58 பெட்டிகளை அனுப்பினார். மூட்டை மூட்டையாகத் தூக்கி ஏற்றுவதற்குப் பதில், பெட்டியோடு லாரியிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து லாரிக்கு மாற்றுவது அவர் காட்டிய வழி. நம் நாட்டுக்கு 1973-ல் கொச்சித் துறைமுகம் வழியாக இந்த முறை வந்தது. இன்று திருப்பூர் பனியனும், கோவை கிரைண்டரும், பொள்ளாச்சி தென்னை நார்த் தூளும் வெளிநாடு போவது இந்தப் பெட்டிகளில்தான்.

பத்துப் பதினைந்து வருஷம் கடலில் அலைந்த பிறகு கப்பல் கம்பெனிகள் பெட்டிகளைக் கழித்துவிடுகின்றன. அவைதான் தூத்துக்குடி, கொச்சி, சென்னை துறைமுகங்களின் பக்கம் விற்பனைக்கு வருகின்றன. விலை நிலையாக இருக்காது. 2021-ல் உலகம் முழுக்கப் பெட்டித் தட்டுப்பாடு வந்தபோது விலை எங்கோ போய்விட்டது. அதனால் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்த பிறகே பேச வேண்டும்.

சாதாரணமாகக் கிடைப்பது இரண்டு அளவு: 20 அடி, 40 அடி. 20 அடிப் பெட்டியின் அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. இது வெளியளவு. உள்ளே அகலம் 7 அடி 8 அங்குலம்தான். காலிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல் கனம். வீட்டு உபயோகத்துக்கு 20 அடியே போதும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. வெளிச்சச் சோதனை: வெயில் நேரத்தில் பெட்டிக்குள் நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். நம்பிக்கையான ஆள் வெளியே நிற்கட்டும். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை என்று அர்த்தம். எங்களுக்கு விற்றவர் "சொட்டுத் தண்ணி இறங்காதுங்க" என்று சத்தியம் செய்தார். கூரையில் மூன்று நட்சத்திரம் மின்னியது! அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம்.

2. அடிப்பகுதி: குனிந்து கீழே பாருங்கள். குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்து உதிர்ந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மேல் துருவுக்குப் பெயின்ட் உண்டு. அடித் துருவுக்கு மருந்து இல்லை.

3. நான்கு மூலைகள்: பெட்டியின் பலமெல்லாம் மூலைத் தூண்களில். அவை வளைந்திருக்கக் கூடாது.

4. தரைப் பலகை: இதைத் தாய்மார்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். தரையில் இருப்பது கெட்டிப் பிளைவுட். பூச்சி அரிக்காமல் இருக்க அதற்குப் பூச்சிக்கொல்லி மருந்து ஏற்றியிருப்பார்கள். என்ன மருந்து, எப்போது போட்டது என்ற விவரம் பெரும்பாலும் கதவில் உள்ள தகட்டிலேயே இருக்கும். அது போக, சரக்குக்கு அடித்த புகை மருந்தோ, முன்பு ஏற்றிய ரசாயனமோ சிந்தியிருக்கலாம். கறையும் நெடியும் உள்ள பெட்டியை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

5. காகிதம்: கதவில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட நம்பர் இருக்கும். பில்லில் அதே நம்பர் வர வேண்டும். வெளிநாட்டுப் பெட்டிகள் திரும்பிப் போய்விடும் என்ற நிபந்தனையில்தான் சுங்கவரி இல்லாமல் உள்ளே வருகின்றன. இங்கேயே விற்பதானால் வரி கட்டியிருக்க வேண்டும். அந்த ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

6. வழி: வீட்டுக்கு லாரி வருமா, கிரேன் நிற்க இடம் உண்டா, மேலே மின்கம்பி குறுக்கிடுகிறதா என்று முதலிலேயே பாருங்கள். நாங்கள் வீதித் திருப்பத்தைப் பார்க்காமல் விட்டோம். பக்கத்து வீட்டு முருங்கையில் இரண்டு கிளையை வெட்டிய பிறகுதான் லாரி நுழைந்தது. அந்த அக்கா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

செலவுக் கணக்கு

பெட்டிக்கு ஒரு ரூபாய் கொடுத்தோம் என்றால், அதை ஆள் உட்காரும் இடமாக்க இன்னொரு ரூபாய் ஆயிற்று. லாரி வாடகை, கிரேன், அடியில் கான்கிரீட், வெல்டிங், ஜன்னல், உள்சுவர், வயரிங், பெயின்ட் என்று நீளும். "பெட்டி விலை மலிவு" என்று மட்டும் பார்த்து இறங்கினால் பாதியில் நிற்க நேரிடும்.

மண் மேல் பெட்டியை வைக்கவே கூடாது. நான்கு மூலைக்கும் ஒன்றரை அடி உயரக் கான்கிரீட் கட்டை போட்டு அதன் மேல் உட்கார வைத்தோம். அடியில் காற்று ஓடும், துரு ஏறாது, பெருக்கி வைத்தால் பாம்பு பூச்சியும் அண்டாது.

ஜன்னலுக்கு வெட்டும்போது கவனம் தேவை. அந்த நெளிவுத் தகடுதான் சுவரின் பலம். வெட்டிய இடத்தைச் சுற்றிச் சதுரப் பைப்பில் சட்டம் வெல்டிங் செய்தே ஆகவேண்டும். பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதனால் கிரைண்டர் ஓடும் நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எங்கள் பெரிய தவறு

செலவு கூடுகிறதே என்று உள்சுவர் வேலையைத் தள்ளிப் போட்டோம். ஜன்னல் வைத்து, ஃபேன் மாட்டி, தை மாதத்தில் கடை தொடங்கினோம். குளிர் காலம், ஒன்றும் தெரியவில்லை. பங்குனி பிறந்ததும் தெரிந்தது! மதியம் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். நாத்தனாருக்குத் தினமும் தலைவலி. சின்னப் பையனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒரு நாள் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள்.

"நங்கை, வளையலை வித்து அடுப்பு வாங்கிட்டேனுங்களா?" என்று அவள் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி சரக்குக்காகச் செய்தது, மனுஷருக்காகச் செய்ததில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கடையை நிறுத்திவிட்டு, ஒரு மாதத்தில் இவற்றைச் செய்தோம்:

* பெட்டிக்கு மேல் ஒன்றரை அடி இடைவெளி விட்டு இரும்புச் சட்டம் அமைத்துத் தென்னங்கீற்று வேய்ந்தோம். வெயில் கீற்றில் விழும். இடையில் காற்று ஓடும். பாதிச் சூடு இதிலேயே போயிற்று.
* கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் அடித்தோம்.
* உள்ளே சுவருக்கும் கூரைக்கும் கல் கம்பளி எனப்படும் ராக்வுல் வைத்து மேலே சிமென்ட் போர்டு அடித்தோம். தெர்மாகோல் மலிவுதான்; ஆனால் தீப்பிடிக்கும். துணி வைக்கும் இடத்தில் வேண்டாம்.
* ஒரே பக்கம் இருந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொன்று வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் வீசும்போது ஃபேனே வேண்டியதில்லை.
* தரைப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சிமென்ட் போர்டும் வினைல் விரிப்பும் போட்டோம்.

மார்கழிக் குளிரில் வேறு ஒரு தொல்லை உண்டு. வெறும் இரும்புச் சுவரில் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்து, துணியில் பூஞ்சை பிடிக்கும். உள்சுவரும், மேலே இரண்டு சிறு காற்றுத் துளையும் இருந்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கதவு: மறக்கவே கூடாதது

பெட்டி வந்த மூன்றாம் நாள். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். சின்னவன் உள்ளே ஒளிய, பெரியவன் விளையாட்டாகக் கதவைத் தள்ளிவிட்டான். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து தள்ளத் தெம்பில்லை. கன்டெய்னர் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. இரும்பில் தட்டும் சத்தம் கேட்டு நான் ஓடிப் போய்த் திறப்பதற்குள், பிள்ளை வேர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கினான். பத்து நிமிஷம்தான், எனக்குப் பத்து வருஷமாகத் தெரிந்தது.

பெட்டி இறங்கிய அன்றே கதவைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள். பிறகு உள்ளிருந்தும் திறக்கும்படி சாதாரணக் கதவு ஒன்று பக்கச் சுவரில் வையுங்கள்.

கரண்ட் விஷயமும் அப்படித்தான். முழுப் பெட்டியும் இரும்பு. ஒரு வயர் உரசினால் சுவரே ஷாக் அடிக்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு பெட்டிக்கே தனி எர்த் போட்டு, கசிவு வந்தால் தானே அணையும் டிரிப்பரும் வையுங்கள். "நகர்த்துற பெட்டிதானே, அனுமதி எதுக்கு?" என்று இருந்துவிடாமல் பேரூராட்சி அலுவலகத்திலும் மின்வாரியத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அலைச்சல் மிச்சம்.

வேறு எதற்கெல்லாம் ஆகும்?

விதை, தீவனம், தோட்டச் சாமான் வைக்க நல்ல அறை, எலி நுழையாது. டியூஷன் அறை, டீக்கடை, காவலாளி அறை எல்லாம் ஆகும். உலகத்தில் இதைவிடப் பெரிய வேலைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது, ஒனகாவா என்ற ஊரில் வீடிழந்த 189 குடும்பங்களுக்கு ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் கன்டெய்னர்களை அடுக்கித் தற்காலிக வீடுகள் அமைத்தார். சமதளம் கிடைக்காததால் விளையாட்டு மைதானத்தில் மூன்று மாடிவரை அடுக்கினார். 2022 உலகக் கால்பந்துப் போட்டிக்குக் கத்தாரில் 974 பெட்டிகளைக் கொண்டு ஒரு ஸ்டேடியமே எழுப்பினார்கள்.

ஆனால் கைக்குழந்தையைப் படுக்க வைக்கும் அறையாக, உள்சுவர் போடாத பெட்டியை ஒருநாளும் நினைக்காதீர்கள்.

இப்போது என் நாத்தனாரின் கடையில் ஒரு சுவரோரம் இரண்டு மெஷின், எதிரே துணி வெட்டும் மேசை, கோடியில் பிள்ளைகள் படிக்க ஒரு பலகை. சித்திரை மதியத்திலும் உட்கார முடிகிறது. பக்கத்து வீதிப் பெண் ஒருத்தியைக் கூலிக்கு வைத்திருக்கிறாள். விற்ற நாலு வளையலில் இரண்டைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

போன மாதம் வீட்டில் பாகப் பேச்சு எழுந்தது. கட்டுத்தரை யாருக்கு என்று பெரியவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கவலையோடு பின்பக்கம் போனேன். மெஷின் ஓடும் சத்தம் நிற்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இடம் யாருக்கு வேணா போவட்டுமுங்க நங்கை. பெட்டி என்றதுதானுங்களே?"