ஒரே வீட்டில் பல உணவுமுறைகள்: உணவுவேளையைத் திட்டமிடல்

மனைப்பொருளியல் – கட்டுரை வினாவுக்கான விளக்கம்

மாணவர்களே,

"குடும்பம் ஒன்றுக்கான மதிய உணவைத் திட்டமிடுக" என்று வினா வந்தால் சோறு, பருப்பு, மீன், கீரை, பழம் என ஒரு பட்டியலை எழுதிவிட்டு முடித்துவிடாதீர்கள். அந்த உணவை உண்ணப்போவது யார் என்பதே இவ்வினாவின் உயிர். ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே உணவை உண்பதில்லை. இந்நிலையில் சமைப்பவருக்கு வேலை பெருகாமலும், எவருக்கும் போசணை குறையாமலும் திட்டமிடுவது எவ்வாறு என்பதை இங்கு பார்ப்போம்.

1. உணவுமுறைகளின் வகைகள்

அ. மச்ச உணவு: மீன், இறைச்சி, முட்டை, பால், தாவர உணவுகள் யாவும் உண்ணப்படும்.

ஆ. சைவ உணவு: மீன், இறைச்சி, முட்டை தவிர்க்கப்படும். எமது சைவக் குடும்பங்களில் பால், தயிர், மோர், நெய் என்பன சேர்க்கப்படும்.

இ. வீகன் உணவு: விலங்குகளிலிருந்து பெறப்படும் எதுவும் சேர்க்கப்படாது. பால், தயிர், நெய், தேன் என்பனவும் தவிர்க்கப்படும். 1944 இல் இங்கிலாந்தில் வீகன் சங்கம் தொடங்கப்பட்டபோது இச்சொல் உருவானது.

சைவமும் வீகனும் ஒன்றல்ல. நெய்யில் தாளித்த பருப்பு சைவ உணவு. ஆனால் அது வீகன் உணவன்று.

2. ஒரு மாதிரிக் குடும்பம்

ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பம்மா சைவம், தயிர் சாப்பிடுவார். அப்பா மீன் உண்பவர், நீரிழிவு உள்ளவர். அம்மாவும் பத்து வயதுத் தம்பியும் மீன் உண்பவர்கள். பத்தொன்பது வயது அக்கா வீகன் உணவுமுறையைத் தெரிவு செய்துள்ளார்.

இவ்வாறான வீட்டில் வழமையாக நடப்பது என்ன? அம்மா மூன்று அடுப்பு வேலையைத் தனியே செய்கிறார். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறார். அல்லது மீனை ஒதுக்கிவிட்டு வெறும் சோறும் சொதியும் அக்காவின் கோப்பையில் விழுகின்றன. முதலாவதில் அம்மாவின் உடல் தேய்கிறது. இரண்டாவதில் அக்காவின் போசணை குறைகிறது. இரண்டையும் தவிர்ப்பதே நல்ல திட்டமிடலாகும்.

3. பொது அடிப்படை உணவு

எல்லோரும் உண்ணக்கூடிய தாவர உணவுகளை முதலில் சமைக்க வேண்டும். சிலருக்கு மட்டும் உரியவற்றை இறுதியில் சேர்க்க வேண்டும். எமது சமையலில் இது கடினமன்று. சொதி, பருப்புக்கறி, கிழங்குக்கறி, வறை என்பன தேங்காய்ப்பாலிலும் தேங்காய்ப்பூவிலும் ஆக்கப்படுவதால் அவை ஏற்கனவே வீகன் உணவுகளே.

மாதிரி மதிய உணவு:
- எல்லோருக்கும்: சிவப்பரிசிச் சோறு, பருப்புக்கறி, கௌபிக் கறி, முருங்கை இலை வறை, கொய்யாப்பழம்
- அப்பம்மாவுக்கும் அக்காவுக்கும்: முருங்கைக்காய்க் குழம்பு
- அப்பா, அம்மா, தம்பிக்கு: மீன் குழம்பு
- அப்பம்மாவுக்கு மேலதிகமாக: தயிர்
- அக்காவுக்கு மேலதிகமாக: கூடுதல் கௌபி, எள்ளுருண்டை

அப்பாவுக்கு வேறு சோறு வேண்டியதில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, வறையின் அளவைக் கூட்டினால் போதும்.

4. சமைக்கும் ஒழுங்கு

(1) கௌபியை முதல்நாள் இரவே ஊறவைக்கவும். ஊறினால் விரைவாக அவியும். விறகோ எரிவாயுவோ மிச்சமாகும். இரும்பு அகத்துறிஞ்சப்படுவதைத் தடுக்கும் பைற்றேற்றும் ஓரளவு குறையும்.

(2) வெங்காயம், உள்ளி, வெந்தயம் என்பவற்றை எண்ணெயில் வதக்கி, பழப்புளி, கறித்தூள், தேங்காய்ப்பால் சேர்த்து ஒரே குழம்பாகக் கூட்டவும்.

(3) அக்குழம்பை இரண்டு சட்டிகளில் பிரிக்கவும். ஒன்றில் முருங்கைக்காயும் மற்றதில் மீனும் இடவும். ஒரு தடவை கூட்டிய குழம்பில் இரண்டு கறிகள் கிடைக்கும்.

(4) மீனை இறுதியில் வெட்டவும். பலகை, கத்தி, அகப்பை, சட்டி என்பன வேறாக இருக்க வேண்டும். பல வீடுகளில் மச்சச் சட்டி என்று தனியே வைத்திருப்பது இதற்காகவே. மீன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக்கூடாது.

(5) முருங்கை இலை வறைக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிப்புளி விடவும். விற்றமின் சி வெப்பத்தினால் அழியக்கூடியது.

5. போசணையைச் சமப்படுத்தல்

புரதம்: தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, அவரையினங்களில் மெதியோனின் குறைவு. சோற்றையும் கௌபியையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. 50 கிராம் உலர் கௌபியில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உண்டு. 60 கிராம் மீனிலும் ஏறக்குறைய இதே அளவு புரதமே உண்டு. எனவே 150 கிராம் கௌபி சமைத்தால் அக்காவுக்கு 50 கிராம், அப்பம்மாவுக்கு 40 கிராம், மற்றையோருக்கு 20 கிராம் வீதம் எனப் பகிரலாம். கோப்பையில் மீன் இல்லாதபோது அந்த இடத்தில் வேறு புரத உணவு வர வேண்டும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இரும்பு: தாவர உணவிலுள்ள இரும்பு மீன், இறைச்சியிலுள்ளதைப் போல் எளிதில் அகத்துறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் சி இதற்கு உதவும். தேசிப்புளியும் கொய்யாப்பழமும் திட்டத்தில் இடம்பெற்றது இதனாலேயே. உணவுடனோ உணவு முடிந்தவுடனோ தேநீர் அருந்தினால் அதிலுள்ள தனின் இரும்பைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது கழித்து அருந்துவது நன்று. மாதவிடாயினால் இரும்பை இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது மிக முக்கியமானது.

கல்சியம்: அப்பம்மாவுக்குத் தயிரிலிருந்து கிடைக்கும். அக்காவுக்கு எள், குரக்கன், முருங்கை இலை என்பன உதவும். காலையில் குரக்கன் பிட்டு செய்தால் வீடு முழுவதற்கும் பயன்.

அயடீன்: மீனும் பாலும் உண்ணாதவர்களுக்கு அயடீன் சேர்த்த உப்பு முக்கியமானது. அதை மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

விற்றமின் பி12: நன்றாகக் கவனியுங்கள். பருப்பு, கீரை, சோயா எவையும் இதற்கு நம்பத்தக்க மூலங்கள் அல்ல. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.4 மைக்கிரோகிராம் தேவை. அப்பம்மாவுக்குத் தயிர், பால் மூலம் ஓரளவு கிடைக்கும், அக்காவுக்குக் கிடைக்காது. ஈரலில் சேமிப்பு உள்ளதால் குறைபாடு உடனே வெளித்தெரியாமல் சில ஆண்டுகள் கழிந்தும் தோன்றலாம். குருதிச்சோகை, களைப்பு, கைகால் விறைப்பு என்பன அறிகுறிகளாகும். கவனிக்காது விட்டால் நரம்புகள் பாதிக்கப்படும். எனவே வீகன் உணவுமுறையைப் பின்பற்றுவோர் பி12 செறிவூட்டப்பட்ட உணவையோ, வைத்தியரின் ஆலோசனைப்படி மாத்திரையையோ எடுத்தல் அவசியம்.

6. மறைந்திருக்கும் விலங்கு உணவுகள்

கடைச் சம்பலில் மாசி, தாளிதத்தில் நெய், பிஸ்கற்றில் பால்மா, கேக்கில் முட்டை, ஜெலியில் ஜெலற்றின், சூப்புக் கட்டியில் கோழிச் சாறு என்பன இருக்கலாம். பொதியின் சுட்டுத்துண்டை வாசித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

7. விடை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

- தேங்காய்ப்பாலைப் பசும்பாலுக்குச் சமனான போசணை உடையதாக எழுதுதல். தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி; புரதமும் கல்சியமும் குறைவு.
- சோயாமீற்றை இறைச்சி எனக் கருதுதல். அது சோயா மாவினால் ஆனது; ஆயினும் அதனுடன் வரும் சுவைத்தூளின் சேர்மானத்தைப் பார்க்க வேண்டும்.
- வீகன் உணவு உண்பவருக்கு மரக்கறி மட்டும் கொடுத்து, அவரையினத்தை விட்டுவிடுதல்.
- ஒவ்வொருவருக்கும் முற்றிலும் வேறான உணவைத் திட்டமிடல். நேரம், சக்தி, பணம் என்பன வீணாகும்.

8. மாதிரி வினா

சைவ உணவு உண்ணும் பாட்டி, மீன் உண்ணும் பெற்றோர், வீகன் உணவு உண்ணும் மகள் ஆகியோர் ஒரு வீட்டில் வசிக்கின்றனர்.
(அ) இவர்களுக்கான இரவு உணவொன்றைத் திட்டமிடுக.
(ஆ) மகளுக்குக் குறையக்கூடிய இரண்டு போசணைப் பொருட்களையும் அவற்றை ஈடுசெய்யும் வழிகளையும் குறிப்பிடுக.
(இ) சமைப்பவரின் வேலையைக் குறைக்கும் இரண்டு வழிகளைத் தருக.

விடைக் குறிப்பு: (அ) இடியப்பம், சொதி, கடலைக்கறி, பப்பாசிப்பழம் எல்லோருக்கும், பெற்றோருக்கு மீன்கறி, பாட்டிக்கு ஒரு தம்ளர் பால். (ஆ) விற்றமின் பி12 – செறிவூட்டிய உணவு அல்லது மாத்திரை. கல்சியம் – எள், குரக்கன். (இ) பொது உணவை முதலில் சமைத்தல். காய் நறுக்குதல், தேங்காய் துருவுதல், பாத்திரம் கழுவுதல் போன்ற வேலைகளை ஆண், பெண் வேறுபாடின்றிப் பகிர்தல்.

இறுதியாக ஒன்று. இத்திட்டத்தைப் பரீட்சைத் தாளில் எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். அன்றைக்கு அம்மாவும் எல்லோருடனும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால், உங்கள் திட்டம் சரியானது என்று கொள்ளலாம்.