கண்காணிப்புக் காமிராவின் சேமிப்புக் கணக்கு

டில்லி மாநகரின் கரோல் பாக் பகுதி சந்தடி மிகுந்த வியாபார ஸ்தலமாகும். 2008 செப்டம்பர் 13 அன்று இங்குள்ள கஃபார் மார்க்கெட்டில் குண்டு வெடித்தது. இத்தகைய இடங்களில் கண்காணிப்புக் காமிராக்களைப் பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. எனினும், காமிரா கண்ட காட்சி எத்தனை நாள் அழியாதிருக்கும் என்பதைப் பலரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை.

காமிரா அனுப்பும் படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகின்றன. டிஸ்க் நிரம்பியதும் பதிவு பொதுவாக நிற்பதில்லை. மிகப் பழைய காட்சி அழிந்து, அதனிடத்தில் புதியது அமர்கிறது. இவ்வழிவு ஓசையின்றி நிகழ்வதால், காட்சி தேவைப்படும் நாளிலேதான் குறை வெளிப்படும்.

எத்தனை நாள் வேண்டும்?

கடைக்காரருக்கு ஒரு மாதப் பதிவு போதுமானதாகலாம். போலீஸ் நிலையத்திற்கு அது போதாது. காவலில் துன்புறுத்தப்பட்டவர் உடனே புகார் செய்ய இயலாமற் போகலாம். மனித உரிமைக் கமிஷனோ, நிகழ்ந்து ஓராண்டு கடந்த விஷயத்தை விசாரிக்க இயலாது. ஆகவே, புகாருக்கு உரிய காலம் முடியுமுன் சான்று அழிந்துவிடலாகாது. 2020 டிசம்பர் 2 அன்று சுப்ரீம் கோர்ட்டு, நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் காட்சியும் ஒலியும் பதியும் காமிராக்கள் அமைய வேண்டுமென்றும், பதிவுகள் 18 மாதம் காக்கப்பட வேண்டுமென்றும் உத்தரவிட்டது. அத்துணைத் திறனுள்ள கருவி சந்தையில் கிடைக்காவிடினும், ஓராண்டுக்குக் குறைதல் கூடாது.

கணக்கிடும் முறை

ஒரு காமிரா விநாடிக்கு 4 மெகாபிட் செய்தியை அனுப்புவதாகக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே விநாடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆகவே நாளொன்றுக்கு 43.2 கிகாபைட். எட்டுக் காமிராக்களுக்கு 30 நாளில் ஏறத்தாழ 10.4 டெராபைட் தேவை. 10 டெராபைட் டிஸ்க் வாங்கியவருக்கு 29ஆம் நாளிலேயே முதல் நாள் பதிவு அழியத் தொடங்கும். அதே எட்டுக் காமிராக்களுக்கு 18 மாதத்திற்கு, அதாவது 548 நாளுக்கு, சுமார் 189 டெராபைட் தேவைப்படும். ஒலிக்கு ஆகும் இடம் இதில் மிகச் சிறு பங்கே.

சிக்கனமும் அதன் எல்லையும்

எச்.264 என்னும் சுருக்க முறைக்குப் பதிலாக எச்.265 முறையைக் கையாண்டால், தேவை ஏறத்தாழப் பாதியாகக் குறையலாம். அசைவு உள்ளபோது மட்டும் பதியும் முறையும் உண்டு. ஆனால் ஜன நெரிசல் ஓயாத அஜ்மல் கான் சாலை போன்ற இடத்தில் பகற்பொழுதில் இதனாற் பயன் சொற்பமே. இருளில் படத்தில் தோன்றும் புள்ளிகளும் செய்தியின் அளவைப் பெருக்கக்கூடும். படத்தின் தெளிவை அளவு மீறிக் குறைத்தாலோ, பதிவு இருந்தும் முகம் புலப்படாது.

பல டிஸ்க்குகளை இணைக்குமிடத்து, ஒன்று பழுதுற்றாலும் பதிவு காக்கப்பட, குறைந்தது ஒரு டிஸ்க்கின் கொள்ளளவை ஒதுக்கிவிட வேண்டும். அதற்கு மேலும் ஐந்தில் ஒரு பங்கு உபரி வைத்தல் நலம். கருவியை நிறுவிய பின், மிகப் பழைய பதிவின் தேதியை மாதந்தோறும் சோதித்தல் ஊழியர் கடமையாகும்.

இக்கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலுமே போதும். ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் பயிற்சிக் கணக்காக அளிக்கலாம். டிஸ்க்கை வாங்கிவிட்டு நாட்களை எண்ணுவது முறையன்று. வேண்டிய நாட்களை முதலில் எண்ணி, அதற்கேற்ப டிஸ்க்கை வாங்குவதே முறையாகும்.