கரிக்குள் கிடந்த ஒரு சொல்

எங்கட மூத்தவாப்பாவின் கையெழுத்துக் கிதாபொன்று வீட்டு அலுமாரியில் இருந்தது. அறபுத்தமிழில் எழுதியது. கூரை ஒழுகி, தாள்கள் ஒட்டிக் கட்டியாகிப் போயிருந்தன. பதினைந்து வயதில், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆசையில் கத்தியை நுழைத்துப் பிரித்தேன். நாலு தாள் தூளாகிப் போனது. உம்மா ஏசவில்லை. "இனி அதத் தொடாத மகன், அப்பிடியே வெச்சிரு" என்று மட்டும் சொன்னா.

அந்த 'வெச்சிரு' எவ்வளவு பெரிய வார்த்தை என்பது, இத்தாலியின் ஹெர்குலேனியம் சுருள்களைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அந்நகரின் மாளிகையொன்று தன் நூலகத்தோடு புதையுண்டது. கடும் சூடு, ஆனால் காற்றுப் புகவில்லை. அதனால் பப்பிரஸ் ஏடுகள் சாம்பலாகாமல் கரியாயின. 1752இல் தோண்டியவர்கள் கண்டது விறகுக்கரி போன்ற உருளைகளைத்தான். துண்டுகளையும் சேர்த்தால் சுமார் 1,800.

ஆசை யாரை விட்டது? சிலவற்றைக் கத்தியால் பிளந்து பார்த்தார்கள். 1753இல் வத்திக்கானிலிருந்து வந்த அந்தோனியோ பியாஜ்ஜியோ என்ற பாதிரியார், பட்டு இழைகளில் தொங்கவிட்டு மெல்ல மெல்லப் பிரிக்கும் பொறியொன்றைச் செய்தார். சில சுருள்களை வாசிக்க முடிந்தது. பல சிதைந்தன. பிரிக்க முடியாதென்று விட்டவை சில நூறு மிஞ்சின.

கென்டக்கிப் பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் வேறு வழி தேடினார். வைத்தியசாலையில் உடம்பை சி.ரி. ஸ்கேன் எடுப்பது போலச் சுருளையும் எடுப்பது; அந்தக் குறுக்குவெட்டுப் படங்களில் சுருண்டு கிடக்கும் தாளைப் பின்தொடர்ந்து, கணினித் திரையில் தட்டையாக விரிப்பது. சாக்கடலருகே என்கெதியில் 1970இல் கிடைத்த, எரிந்த எபிரேயச் சுருளொன்று லேவியராகமத்தின் பகுதி என்பது இப்படித்தான் 2015இல் தெரியவந்தது.

ஹெர்குலேனியத்தில் சிக்கல் பெரிது. தாளும் கரி, மையும் கரி. கதிருக்கு இரண்டும் ஒன்றுதான். எனவே 2023 மார்ச்சில் படங்களைப் பொதுவில் வெளியிட்டு, பரிசுப் போட்டியொன்றை அறிவித்தார்கள். கேசி ஹான்ட்மர் என்பவர் மணிக்கணக்காக அப்படங்களை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்து ஒன்றைக் கண்டார்: மை இருந்த இடத்தில், குளம் வற்றிய சேறு வெடிப்பது போன்ற மெல்லிய வெடிப்புகள். அந்த வெடிப்புகளை இனங்காணக் கணினியைப் பழக்கினார் லூக் பாரிட்டர் என்ற 21 வயது அமெரிக்க மாணவர். ஒக்டோபரில் ஒரு முழுச்சொல் வெளிவந்தது: 'பொர்பிராஸ்'. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெர்லினில் படித்துக்கொண்டிருந்த எகிப்தியரான யூசுப் நாதிரும் தனியாக அதே சொல்லைக் கண்டிருந்தார். பிறகு இவ்விருவரும் சுவிட்சர்லாந்து மாணவர் ஜூலியன் ஷில்லிகரும் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை மீட்டார்கள். 2024 பெப்ரவரியில் 7 இலட்சம் டொலர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. உணவு, இசை முதலியன தரும் இன்பத்தைப் பற்றிய தத்துவம் அது. வாசித்தது அச்சுருளில் ஐந்து வீதமளவுதான்.

கவனியுங்கள்: வாசிக்கப்பட்டது, யாரும் கத்தி வைக்காமல் விட்ட சுருள். அன்று பிளந்தவர்கள் கெட்டவர்களல்ல, என்னைப் போல ஆசைப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் கைபட்டு உதிர்ந்ததை இனி எந்தக் கருவியும் ஒட்டாது.

இந்த வித்தை எல்லாவற்றுக்கும் பலிக்காது. கரியில் தாளின் உருவம் மிஞ்சும், சாம்பலில் மிஞ்சாது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்து சாம்பலானவை போனவைதான். அதனால்தான் நம் கையில் மிஞ்சியிருப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

நம் ஊர்களில் எத்தனை வீட்டுப் பெட்டகங்களில் இப்படிக் கட்டியான கிதாபுகள் கிடக்கின்றன! பழசாகிவிட்டதென்று மரியாதையோடு கடலில் விடுகிறோம். இல்லாவிட்டால் வெயிலில் காயவைத்துப் பிரிக்கப் பார்க்கிறோம். இரண்டும் வேணாம். ஈரமும் கறையானும் அண்டாத இடத்தில், சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். யார் எழுதியது, எந்த ஊர் என்று தெரிந்ததை ஒரு துண்டில் எழுதிக் கூடவே வையுங்கள். சுவடி பேணத் தெரிந்தவர் கைக்குப் போகும்வரை திறக்காதீர்கள்.

மூத்தவாப்பாவின் கிதாபு இன்றும் என்னிடம் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறாரென்று எனக்குத் தெரியாது. நான் தூளாக்கிய நாலு தாள் போக, மிச்சத்தை என் பேரப்பிள்ளை வாசிக்கலாம்.