வேலிக்குள் நிற்காத நீர்

மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்ட பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். அதற்குள் அகப்பட்டிருந்த அரிட்டாபட்டி - மீனாட்சிபுரம் பல்லுயிர் பாரம்பரியத் தலமோ 2 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள் எதிர்ப்பு வலுத்தபோது, 2024 டிசம்பரில், அந்தத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை மத்திய சுரங்க அமைச்சகம் கேட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானதால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது. ஆனால் அதற்கு விடை தேடியாக வேண்டும். நாளை வேறொரு மலையடிவாரத்திலும் இதே சமரசம் முன்வைக்கப்படும். அறிவியல்படி அது சமரசமே அல்ல.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டபோது, ஏழு குன்றுகள், 72 ஏரிகள், சுமார் 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அதன் வளம் கணக்கிடப்பட்டது. இவை தனித்தனிப் பொருள்கள் அல்ல. மொட்டைப் பாறையில் விழும் மழையில் ஒரு பகுதி வெடிப்புகளில் இறங்கிச் சுனையாகக் கசிகிறது. மீதி ஓடைகளாகி வரத்துக்கால்வாய் வழியே கண்மாயை அடைகிறது. மேல் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. பக்கத்தில் ஆழக் குழி வெட்டி, அதில் ஊறும் தண்ணீரை இடைவிடாமல் இறைத்தால், சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் குழியை நோக்கிச் சாயும். குன்றை யாரும் தொடாமலேயே சுனை வற்றலாம்.

நீர் குறைவது ஒரு கேடு. அதன் தன்மை மாறுவது மற்றொன்று. மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் நிலக்கரிக்காகத் தோண்டிய குழிகள் இதற்குச் சான்று. நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகச் சேர்மம், காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலமாகக் கசிகிறது. கரைந்து வரும் இரும்பு ஓடைப் படுகையில் செம்மஞ்சள் படலமாகப் படிகிறது. கற்களுக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் முதலில் மறைகின்றன. பிறகு அவற்றைத் தின்னும் மீன்கள். லூக்கா ஆற்றில் மீன்கள் செத்து ஒதுங்கின. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே எலிவளைச் சுரங்கங்கள் எனப்படும் இக்குழிகளுக்குத் தடை விதித்தது. ஆனால் வேலை நின்றாலும் அமிலக் கசிவு நிற்பதில்லை.

நிலக்கரி வேறு, டங்ஸ்டன் வேறு அல்லவா என்று கேட்கலாம். பைரைட் நிலக்கரிக்கு மட்டும் உரியதல்ல. டங்ஸ்டன் படிவுகள் பலவற்றிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. அமிலமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பாறைத் தூசி போதும் கெடுதல் செய்ய. நுண்துகள் படுகைக் கற்களின் இடுக்குகளை அடைத்து மீன் முட்டைகளை மூச்சுத்திணற வைக்கிறது. கலங்கல் வெளிச்சத்தை மறைத்துப் பாசிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மேலூர் வட்டாரத்துக்கு இது தெரிந்த பாடம்தான். கிரானைட் குவாரிகளின் கல் கழிவு கண்மாய்களையும் வரத்துக்கால்வாய்களையும் மூடியதை இந்த ஊர்கள் கண்டிருக்கின்றன.

நீரைப் போலவே பறவையும் விலங்கும் எல்லைக்கோட்டுக்குள் அடங்குவதில்லை. அரிட்டாபட்டித் தலத்தில் சுமார் 250 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. ஷாகின் வல்லூறும் பொனெல்லிக் கழுகும் கூடு கட்டப் பாறை முகடு வேண்டும். இரை பிடிக்கச் சுற்றியுள்ள வயலும் கண்மாயும் வேண்டும். முகட்டை மட்டும் காப்பாற்றிவிட்டு வேட்டை நிலத்தில் வெடி வைத்தால், மிஞ்சுவது பறவை இல்லாத பாறை. இரவில் நடமாடும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வரைபடத்தின் கோட்டைப் பார்த்துத் திரும்பப் போவதில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவை; உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. இந்தக் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் ஒரு கனிமம் தேவை என்பதாலேயே அதை எங்கும் தோண்டலாம் என்று ஆகிவிடாது. பயன்படுத்திக் கழித்த வெட்டுக்கருவிகளிலிருந்து டங்ஸ்டனை மீட்கும் தொழில் உலகில் நடைமுறையில் உள்ளது. வறட்சிக்குப் பழகிய வட்டாரத்தில் வற்றிய ஒரு சுனைத் தொடரை மீட்பதுதான் அரிது.

குறை நம் நடைமுறை வரிசையில் இருக்கிறது. முதலில் ஏலம், அதன்பின் சுற்றுச்சூழல் ஆய்வு. போதாததற்கு, 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று அறிந்த மக்களின் வாயை அடைத்துவிட்டு நல்ல நீரியல் ஆய்வு செய்ய முடியாது. ஏலத்துக்கு முன்பே நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் அளக்க வேண்டும். சுரங்க எல்லையை அந்த அளவு தீர்மானிக்க வேண்டும்.